ஊழியத்துக்கு ஒரு பையும் இரண்டு மணி நேரமும்

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது வாலிபப் பிள்ளைகள் சில பேர் என்னிடம் கேட்பதுண்டு: "ஆன்ட்டி, ஊழியம் செய்ய ஆசைதான். எங்கே ஆரம்பிக்கிறது?" நான் பிரசங்கம் பண்ணுகிறவள் அல்ல. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருக்கிறேன். பதினோரு வருஷமாக எங்கள் சபையில் படுக்கையோடு கிடக்கும் முதியவர்களைப் போய்ப் பார்த்து வருகிறேன். அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மனவிருப்பம் வேறு, ஆயத்தம் வேறு. இது முதலில் புரிய வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கியவரும், எங்கள் மலையில் 1960 மே மாதம் கண்மூடியவருமான அமெரிக்க மிஷனெரி டாக்டர் ஐடா ஸ்கடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1890இல் திண்டிவனத்தில், நோயாளித் தாயைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த இளம்பெண் அவர். இந்தியாவில் தங்கும் எண்ணமே இல்லை. ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்றக் கூப்பிட்டார்கள். அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டரை அவர்கள் ஏற்கவில்லை. ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த ராத்திரியில் மனது வந்துவிட்டது. அமெரிக்காவுக்குப் போய் வைத்தியம் படித்துப் பட்டம் வாங்கியது 1899இல், இந்தியாவுக்குத் திரும்பி வேலூருக்கு வந்தது 1900இல். ஆயத்தத்துக்குப் பத்து வருஷம் பிடித்தது. ஆகவே மனது வந்த மறுநாளே எல்லாம் நடக்கவில்லையே என்று சோர்ந்துபோகாதீர்கள்.

சரி, ஆயத்தத்தை எங்கே தொடங்குவது? கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம் எட்டாம் அதிகாரத்தில், மனவிருப்பம் இருந்தால் "இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே" அங்கிகரிக்கப்படும் என்றிருக்கிறது. ஒரு தாளை எடுத்து உங்களிடம் உள்ளதை எழுதுங்கள். பாடத் தெரியும், பைக் இருக்கிறது, வங்கிப் படிவம் நிரப்பத் தெரியும் என்று சின்னச் சின்னதாக எழுதுங்கள். சத்தமாக ஜெபிக்க எனக்குக் கூச்சம். அதனாலேயே ஊழியம் நமக்கில்லை என்று பல வருஷம் ஒதுங்கியிருந்தேன். கடைசியில் என் தாளில் இருந்தவை மூன்று: கஞ்சி வைப்பேன், மருந்துச் சீட்டு படிப்பேன், பொறுமையாக உட்கார்ந்திருப்பேன். அந்த மூன்றும் போதுமாயிருந்தது.

அடுத்து நேரம். 'நேரம் கிடைக்கும்போது' என்றால் கிடைக்கவே கிடைக்காது. எனக்குச் சனிக்கிழமை மத்தியானம் இரண்டிலிருந்து நாலு. அதற்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால் சரிவுப் பாதையில் கால் வைக்க முடியாது. வீட்டாரிடம் முதலிலேயே கேட்டு, அவர்கள் மனதோடு ஒத்துக்கொண்ட நேரமாக இருக்கட்டும். வீட்டைத் தவிக்கவிட்டுப் போகிற ஊழியத்தை நான் ஊழியமாக நினைப்பதில்லை.

பையை வெள்ளிக்கிழமை ராத்திரியே கதவருகே வைத்துவிடுவேன். குடை, டார்ச், பெரிய எழுத்து வேதாகமம், ஒரு பழைய ஸ்வெட்டர். பிளாஸ்கில் சுக்குத் தண்ணீர் மட்டும் கிளம்பும்போது. ஐப்பசி கார்த்திகையில் மழை விடாமல் கொட்டும்போது 'இன்றைக்கு வேண்டாமே' என்று தோன்றத்தான் செய்யும். பை தயாராக இருந்தால் கால் தானாகப் படியிறங்கிவிடும்.

'பார்க்கலாம்' என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள். முடியுமானால் முடியும், முடியாதென்றால் முடியாது என்று அன்றைக்கே சொல்லுங்கள். ஆராதனையில் என் பக்கத்திலேயே உட்காரும் பாட்டியம்மா ஒருவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தார். வரச்சொல்லி ஆள் அனுப்பினார். "பார்க்கலாம், அடுத்த வாரம் வர்றேன்" என்றேன். வியாழக்கிழமை அடக்க ஆராதனைக்குத்தான் போனேன். என்ன சொல்ல நினைத்தாரோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சனிக்கிழமை போக ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

போன இடத்தில் எப்படி இருப்பது? கட்டிலில் உட்காராதீர்கள், அசைந்தாலே வலிக்கிறவர்கள் உண்டு. நாற்காலியை அவர் முகம் தெரிகிற பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். மார்கழி தையில் வெளியிலிருந்து வந்த கை ஐஸாக இருக்கும். சுக்குத் தண்ணீர் டம்ளரைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு அப்புறம் அவர் கையைத் தொடுங்கள். முதலில் அவர் பேசட்டும். அதே கதையை நாலாவது தடவை சொன்னாலும் முழுசாகக் கேளுங்கள். கேட்டால் வாசியுங்கள். 121ஆம் சங்கீதம் எட்டே வசனம், அதில் பர்வதங்கள் வருவதால் எங்கள் மலைக்காரர்களுக்கு மிகவும் பிடிக்கும். 'நீங்கள் விசுவாசம் வைத்தால் எழுந்து நடப்பீர்கள்' என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். எழுந்திருக்க முடியாதவருக்கு அது இன்னொரு பாரம். அந்த வீட்டில் கண்டதையும் கேட்டதையும் மற்றவர்களை ஜெபிக்கச் சொல்லும் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வெளியே கொண்டுபோகவே கூடாது. ஒரு தடவை வெளியே போனால் அந்தக் கதவு அப்புறம் மனதாரத் திறக்காது.

ஜெபம் எங்கே என்று கேட்பீர்கள். போகும் வழியில் நடந்துகொண்டே. "ஆண்டவரே, இன்றைக்கு யார் வீட்டுக்கு?" அவ்வளவுதான் கேட்பேன். வேதாகமத்தில் சாமுவேல் சிறுவன் கர்த்தரின் சத்தத்தைக் கேட்ட ராத்திரிக்குப் பின், விடிந்ததும் செய்த முதல் வேலை ஆலயக் கதவுகளைத் திறந்தது. எப்போதும் செய்கிற அதே வேலை. அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தைரியம் வருகிறது.

இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகரிடம் போங்கள். "என்ன ஊழியம் வேண்டுமானாலும் கொடுங்கள் ஐயா" என்று சொன்னால் அவருக்கு என்ன கொடுப்பதென்று தெரியாது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, உங்கள் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வெளியே வர முடியாதவர்களின் பெயர்கள் அவரிடம் இருக்கும். ஒரே ஒரு பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.