வன்னியிலிருந்து டில்லி ஹாட்டுக்குப் போகிறவர்களுக்கு

புதுடில்லிக்குப் போகிறவர்கள் ஒரு மாலையை டில்லி ஹாட்டுக்கு ஒதுக்குங்கள். 1994இல் தொடங்கிய திறந்தவெளிச் சந்தை இது. ஐஎன்ஏ மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே இருக்கிறது; உள்ளே போக டிக்கெட் வாங்க வேண்டும். கைவினைஞர்களுக்குக் கடைகளைச் சுமார் 15 நாள்களுக்கு ஒருமுறை மாற்றிக் கொடுப்பார்கள். ஆகவே பிடித்த பொருளை 'அடுத்த முறை வாங்கலாம்' என்று விட்டுவிடாதீர்கள்.

பீகாரில் சிக்கி என்னும் பொன்னிறப் புல்லால் பின்னும் பெட்டிகளைக் கண்டால், கிளிநொச்சிச் சந்தையில் பனையோலைக் கடகம் வாங்கும் அதே கண்ணால் பாருங்கள். கவிழ்த்து அடியைப் பாருங்கள், விளிம்பை விரலால் நெரித்துப் பாருங்கள். 'எப்படிப் பின்னினீர்கள்?' என்று கேளுங்கள். செய்தவருக்கு வாயைவிடக் கைதான் முதலில் பதில் சொல்லும். அவரிடம் நான் பேரம் பேசுவதில்லை. மற்றவர்களிடம் தாராளமாகப் பேசலாம்.

வயிற்றுக்கு மாநில வாரியாக உணவுக்கடைகள் உண்டு. பீகாரின் லிட்டி சோக்கா கிடைத்தால் விடாதீர்கள்: லிட்டி, சத்துமா அடைத்துச் சுட்ட மாவுருண்டை; சோக்கா, சுட்ட கத்தரிக்காய் மசியல். அந்தச் சோக்கா, நம் வீட்டுச் சுட்ட கத்தரிக்காய்ச் சம்பலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. தேங்காய்ப்பால் மட்டும் இல்லை.

ஊறுகாய் வாங்கினால் கைப்பையில் வைக்காதீர்கள். விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடக்கூடும். இறுகக் கட்டிப் பெரிய பெட்டிக்குள் போடுங்கள்.