பதநீரும் கருப்பட்டியும்: வாங்குவதிலும் பயன்படுத்துவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூத்துக்குடி மாவட்டத்தின் உடன்குடி, திருச்செந்தூர் வட்டாரங்களிலும், இராமநாதபுரம் மாவட்டத்தின் சாயல்குடிப் பக்கத்திலும் மாசி, பங்குனியில் பனையேறிகள் பாளை சீவத் தொடங்குகின்றனர். ஆடி வரை நீளும் அந்தச் சில மாதங்களில் கிடைக்கும் பதநீரும், அதைக் காய்ச்சி எடுக்கும் கருப்பட்டியும்தான் ஆண்டு முழுவதற்குமான சரக்கு. அண்மைக் காலமாக நகரத்துக் குடும்பங்களும் இவற்றைத் தேடி வாங்குவது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் பொருள் ஊரைவிட்டுப் போன அளவுக்கு அதைக் கையாளும் பழக்கம் கூடப் போகவில்லை. பதநீர் மணிக்கு மணி மாறும், கருப்பட்டி பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதை அறியாமல், ஆலையில் செய்த சர்க்கரையைப் போலவும் புட்டியில் அடைத்த பானத்தைப் போலவும் அவற்றை நடத்துவதே இங்கு சொல்லப்போகும் தவறுகள் பலவற்றுக்கும் வேர்.

முதலில் பதநீர். அதன் அடியில் வெண்மையாகப் படிந்திருக்கும் சுண்ணாம்பைப் பார்த்துக் கலப்படம் என்று எண்ணி முகம் சுளிப்பவர்கள் உண்டு. சுண்ணாம்பு இல்லையென்றால் அது பதநீரே அல்ல. பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சர்க்கரை இருப்பதால், காற்றிலும் பாளையிலும் உள்ள நுண்ணுயிர்கள் அதை உடனே புளிக்க வைக்கத் தொடங்கிவிடும். கலயத்தின் உட்புறத்தில் பூசிய சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மைக்கு மாற்றி அந்த நொதித்தலைத் தடுக்கிறது. அதே மரத்தின் அதே பாளையில் சுண்ணாம்பு தடவாத கலயத்தைக் கட்டினால் கிடைப்பது கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருப்பதால், சுண்ணாம்பு பூசுவது பனையேறிக்குச் சுவை சார்ந்த விஷயம் மட்டுமல்ல, சட்டம் சார்ந்த விஷயமும் ஆகும். ஆகவே "சுண்ணாம்பு போடாத பதநீர் கிடைக்குமா" என்று கேட்பது, நல்ல பொருளைக் கேட்பதாக எண்ணி அவரைச் சிக்கலில் மாட்டிவிடுவதாகும். சுண்ணாம்பு கூடிவிட்டால் நாக்கு அரிக்கும், குறைந்தால் மதியத்துக்குள் புளிக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு கைப்பழக்கத்தில் வருவது. வாங்கும் நாம் செய்ய வேண்டியது, சிறிது நேரம் அசையாமல் வைத்துத் தெளிவை மட்டும் வடித்துக் குடிப்பதுதான்.

பதநீரைக் காலையில் குடிக்க வேண்டும். சாலையோரத்தில் வெயிலில் நின்ற குடத்திலிருந்து பிற்பகல் மூன்று மணிக்கு வாங்கிக் குடித்துவிட்டு, வயிறு கெட்டதற்குப் பனையைக் குறை சொல்வது நியாயமில்லை. சுண்ணாம்பு நொதித்தலைத் தள்ளிப்போடுகிறதே தவிர, நாள் முழுவதும் நிறுத்தி வைப்பதில்லை. இதைவிட ஆபத்தானது, பதநீரை பிளாஸ்டிக் புட்டியில் விளிம்புவரை நிரப்பி, மூடியை இறுகத் திருகி, பேருந்தில் பல மணி நேரம் கொண்டுசெல்வது. புளிக்கத் தொடங்கிய சாறு வாயுவை வெளிவிடும். புட்டி உப்பும், திறந்ததும் பீறிட்டு அடிக்கும், சில வேளை வெடிக்கவும் செய்யும். கொண்டுபோயே ஆக வேண்டுமென்றால் ஐஸ் பெட்டியில் வைத்து, மேலே இடம்விட்டு, வீடு சேர்ந்ததும் ஒரு கொதி கொதிக்க வைத்து ஆற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளுக்குள் முடித்துவிட வேண்டும். புளிப்பு நெடி வந்த பதநீரில் சர்க்கரை சேர்த்து மீட்கப் பார்ப்பது வீண் வேலை.

பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில், இளம் நுங்கைச் சீவிப் போட்டுப் பதநீர் ஊற்றிக் குடிப்பது தென்மாவட்டத்து வழக்கம். ஓலையின் மணம் பதநீரில் இறங்குவதும், குடித்து முடித்ததும் பட்டை மண்ணோடு மண்ணாகிவிடுவதும் அதன் சிறப்பு. நெகிழிக் குவளையில் ஐஸ் கட்டி போட்டுத் தருமாறு கேட்பவர்கள் மணத்தையும் இழக்கிறார்கள், ஐஸ் உருக உருகச் சுவையையும் நீர்க்கச் செய்கிறார்கள். நுங்கும் இளசாக, உள்ளே நீர் நிற்கும் பதத்தில் இருக்க வேண்டும். முற்றிக் கட்டியானதைத் தின்றால் செரிக்காது.

இனி கருப்பட்டி. இங்குதான் மிகுதியான ஏமாற்றமும் மிகுதியான தவறான அறிவுரையும் உள்ளன. கருப்பட்டியை நீரில் போட்டுப் பார், நாக்கில் வைத்துப் பார், உடைத்துப் பார் என்று பல சோதனைகள் உலவுகின்றன. உடைந்த முகம் மங்கலாக இருந்தால் நல்லது, பளபளத்தால் சீனி கலந்தது என்பது அனுபவமுள்ள வியாபாரிகள் பார்க்கும் அடையாளம்தான். ஆனால் அது அவர்கள் கண்ணுக்குப் பழகிய அடையாளம், முதன்முறை வாங்குபவருக்கு அது கைகொடுக்காது. நீரில் கரையும் வேகத்தை வைத்துத் தீர்மானிப்பது அதைவிட நம்பத்தகாதது. பனையின் சர்க்கரையும் கரும்பின் சர்க்கரையும் வேதியியல்படி பெரும்பாலும் சுக்ரோஸ் என்னும் ஒரே பொருள் என்பதால், ஒரு குவளைத் தண்ணீர் அவற்றைப் பிரித்துக் காட்டிவிடாது.

சோதனையைவிடக் கணக்கு உதவும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். அந்தப் பதநீருக்காக ஒருவர் இடுப்பில் அருவாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு, காலையும் மாலையும் மரத்துக்கு மரம் ஏறி, பாளையைக் கடிப்பு என்னும் இடுக்கிக் கருவியால் நசுக்கிப் பதப்படுத்தி, நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். பிறகு, பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில், பெரும்பாலும் அவர் வீட்டுப் பெண்கள், பல மணி நேரம் விறகடுப்பின் முன் நின்று, பொங்கி வழியாமலிருக்க ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டு, பாகு பதம் பார்த்து, கிண்டி, சிரட்டைகளில் ஊற்ற வேண்டும். இத்தனையும் முடிந்து வரும் ஒரு கிலோவை வெள்ளைச் சர்க்கரையை ஒட்டிய விலைக்கு ஒருவர் விற்கிறார் என்றால், அதில் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரைதான் என்று முடிவு செய்ய வேறு சான்று தேவையில்லை. விலை உயர்ந்ததெல்லாம் தூயது என்று இதற்குப் பொருளல்ல; விலை மிகத் தாழ்ந்தது தூயதாக இருக்க வழியில்லை என்பதே பொருள். மலிவாகத் தந்தவரைப் பாராட்டி, சரியான விலை சொன்னவரிடம் பேரம் பேசும் பழக்கம்தான் சீனி மூட்டையை விடிலிக்குள் கொண்டுவந்து சேர்த்தது என்பது என் உறுதியான எண்ணம்.

நிறத்தைப் பார்த்து வாங்குவதும் தவறு. ஒரே ஊரின் கருப்பட்டியே சுண்ணாம்பின் அளவு, பாகு காய்ந்த பதம், அடுப்பின் தீ ஆகியவற்றைப் பொறுத்து வெளிர் பழுப்பிலிருந்து கறுப்புவரை மாறும். எல்லா வட்டும் ஒரே நிறத்தில், ஒரே வழுவழுப்பில், ஒரே எடையில் இருந்தால்தான் ஐயப்பட வேண்டும். அதேபோல, மழைக்காலத்தில் இளகுகிறது என்பதற்காகக் கருப்பட்டியைக் கெட்டுப்போனதாகக் கருதித் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. பதநீர் சற்றுப் புளித்திருந்தால் அதன் சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரியும். அவை எளிதில் இறுகா, காற்றின் ஈரத்தை இழுக்கும். நன்கு செய்த கருப்பட்டியிலும் இந்தச் சர்க்கரைகள் ஓரளவு இருப்பதால், ஐப்பசி, கார்த்திகையில் மேற்பரப்பு கசிவது இயல்பு. புளித்த நெடியோ பூஞ்சையோ இல்லையென்றால் அது நல்ல பொருள்தான்.

உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன்பின் எந்தக் கருப்பட்டியையும் அப்பெயரில் விற்பது கூடியிருப்பதால், பெயர்ப்பலகையை மட்டும் நம்பாமல், யார் காய்ச்சியது, எந்த மாதம் காய்ச்சியது என்று கேட்க வேண்டும். மார்கழியில் "நேற்றுக் காய்ச்சியது" என்று ஒருவர் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். பழைய கருப்பட்டி என்பது குறையல்ல. சித்திரை, வைகாசியில் காய்ச்சி, ஈரம் படாமல் வைத்திருந்ததை மருந்துக்கும் பலகாரத்துக்கும் விரும்பி வாங்குவார்கள். பனங்கற்கண்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பாகைக் கொள்கலனில் ஊற்றி, நூல்களில் படிகம் வளரச் சில வாரங்கள் அசையாமல் வைத்து எடுப்பது அது. சாயமேற்றிய சீனிக் கற்கண்டு அதே பெயரில் தாராளமாகக் கிடைக்கிறது.

சமையலறையில் நேரும் தவறுகளில் முதன்மையானது, கொதிக்கும் பாலில் கருப்பட்டியைத் தட்டிப் போடுவது. கருப்பட்டியின் அமிலத் தன்மையும் தாது உப்புகளும் கொதிசூட்டோடு சேரும்போது பால் திரிந்துவிடும். கருப்பட்டியைத் தனியே சிறிது நீரில் கரைத்து, வடிகட்டி, சூடு தணியவிட வேண்டும். பாலைக் காய்ச்சி அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு இரண்டையும் கலக்க வேண்டும். கலந்தபின் மறுபடி அடுப்பில் ஏற்றக் கூடாது. தென்மாவட்டங்களில் கருப்பட்டிக் காப்பியைப் பெரும்பாலும் பாலில்லாமல், சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டுக் குடிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். வடிகட்டுவதை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. திறந்தவெளியில் காய்ச்சப்படும் பொருளில் மணலும் நாரும் சாம்பலும் இருக்கும். அது கலப்படமாகாது, ஆனால் பல்லில் கடிபடும். அரிசியோ பருப்போ முழுதாக வேகும்முன் கருப்பட்டியைச் சேர்ப்பதும் அடிக்கடி நடப்பது. சர்க்கரை சேர்ந்தபின் அரிசி மேற்கொண்டு குழையாது, எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் நடுவில் விறைப்பு நிற்கும்.

வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டி என்று எல்லாப் பலகாரத்திலும் அப்படியே மாற்றுவதும் சரிவராது. கருப்பட்டிக்கு மெல்லிய கசப்பும் புகை மணமும் உண்டு. ஏலக்காயை விடச் சுக்கே அதற்கு இணங்கும். சேமிப்பில் சொல்ல அதிகமில்லை: குளிர்பெட்டியில் வைத்து எடுத்து வைத்து எடுத்து ஈரம் கோக்க விடாமல், ஓலைப் பெட்டியிலோ, காகிதம் சுற்றிக் காற்றுப் புகாத டப்பாவிலோ, அடுப்படியின் வெதுவெதுப்பான உலர்ந்த மேல்தட்டில் வைத்தால் போதும்.

மிகுந்த கவலை தருவது, சர்க்கரை நோயாளிகள் கருப்பட்டியை அஞ்சாமல் உண்ணலாம் என்ற பேச்சு. கருப்பட்டியின் பெரும்பகுதி சுக்ரோஸ். கலோரியும் வெள்ளைச் சர்க்கரைக்கு ஏறத்தாழ நிகரே. அதில் இரும்பும் பிற தாதுக்களும் இருப்பது உண்மை, ஆனால் ஒரு குவளைக் காப்பியில் கரையும் துண்டிலிருந்து கிடைப்பது மிகச் சிறிது. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சேர்க்கும் சர்க்கரை அன்றாட ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. 2,000 கலோரி உண்பவருக்கு அது ஏறத்தாழ 50 கிராம். கருப்பட்டியும் கற்கண்டும் அந்தக் கணக்குக்குள் அடங்கியவையே. சுவைக்காகவும் மணத்துக்காகவும், அதைச் செய்தவர்களின் உழைப்புக்காகவும் கருப்பட்டியை வாங்குவோம். மருந்தென்று நம்பி மாத்திரையை நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குப் பாலில் பனங்கற்கண்டு சேர்ப்பதையும் தவிர்க்க வேண்டும்.

கருப்பட்டியைச் சுற்றி அமைந்த வழக்கங்களிலும் சில இடங்களில் கவனம் பிசகுகிறது. பூப்பெய்திய பெண்ணுக்குத் தரும் உளுந்தங்களிக்குத் தோல் நீக்காத கறுப்பு உளுந்தே வேண்டும். மாவைக் கருப்பட்டிப் பாகில் கட்டியில்லாமல் கரைத்து, இளந்தீயில், நல்லெண்ணெயை விட்டு விட்டு, ஈரக் கையில் ஒட்டாத பதம்வரை கிண்ட வேண்டும். எண்ணெய்க்கு அஞ்சிக் குறைத்தால் களி சட்டியிலும் தொண்டையிலும் பிடித்துக்கொள்ளும், அவசரப்பட்டு இறக்கினால் பச்சை மாவு வாடை நிற்கும். திருக்கார்த்திகையன்று நெல்லை, குமரிப் பகுதிகளில் செய்யும் ஓலைக் கொழுக்கட்டைக்குப் பனையின் இளங்குருத்தோலையே ஏற்றது. முற்றிய ஓலை மடிக்கையில் கிழியும், மணமும் தராது. கருப்பட்டியைச் சற்றுக் குறைவாகவே அரிசி மாவில் பிசைய வேண்டும், ஏனெனில் ஆவியில் அது உருகும்போது மாவு தளர்ந்து ஓலை வழியே வழிந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் இதே பொருள் பனங்கட்டி என்ற பெயரில், ஓலையில் முடைந்த சிறு குட்டான்களில் வருகிறது. அங்கே ஆடிப்பிறப்பன்று காய்ச்சும் ஆடிக் கூழ் அரிசி மாவும் வறுத்த பயறும் தேங்காய்ப் பாலும் பனங்கட்டியும் சேர்ந்த இனிப்புக் கூழ். தமிழ்நாட்டில் ஆடியில் அம்மன் கோயில்களில் ஊற்றும் கேழ்வரகுக் கூழையும், மீனும் நண்டும் இட்டு, உலர்ந்த பனங்கிழங்கு மாவான ஒடியல் மாவில் காய்ச்சும் யாழ்ப்பாணத்து ஒடியற் கூழையும் இதனோடு குழப்பிக்கொண்டு செய்முறை எழுதுவோர் பலர். ஆடிக் கூழைக் காய்ச்சும்போது பனங்கட்டியை முன்கூட்டியே கரைத்து வடித்து வைத்துக்கொள்ள வேண்டும்; பயறு நன்கு வெந்து, கரைத்த மாவும் வெந்து கூழ் தடித்த பிறகே அந்தக் கரைசலைச் சேர்க்க வேண்டும்; தேங்காயின் முதற்பாலைக் கடைசியில் ஊற்றி, ஒரு கொதி எழும்போதே இறக்கிவிட வேண்டும்.