குளிர்காலத்துக்கு நிறுத்தும் பழைய பைக்: எங்கே தவறு நடக்கிறது?

பிரிட்டனில் பனிக்காலம் வந்தால் சாலையில் உப்பு தூவுவார்கள். பழைய டிரையம்ஃப், பிஎஸ்ஏ, நார்ட்டன் வைத்திருப்பவர்கள் வண்டியைக் கழுவித் துடைத்துக் கொட்டகையில் ஏற்றிவிடுவார்கள். அங்கே வண்டியைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம்தான்.

அந்த ஈரத்தைப் பலர் அக்கறையோடு தாங்களே உள்ளே விடுகிறார்கள். வாரம் ஒருமுறை கிக் அடித்து ஐந்து நிமிடம் ஓடவிடும் பழக்கத்தைச் சொல்கிறோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அது வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் அந்தச் சூடு வராது. ஆவி சைலன்சருக்குள் தங்கித் துருவாகும். ஆயிலோடு கலந்து, எஞ்சின் உச்சியில் உள்ள ராக்கர் மூடிக்குள் வெண்ணெய் போலப் படியும். இருபது கிலோமீட்டராவது ஓட்ட முடியாத நாளில் கிக்கைத் தொடாதீர்கள். மூடிய கொட்டகையில் புகைபோக்கி இல்லாத மண்ணெண்ணெய் ஹீட்டர் வைப்பதும் இப்படித்தான் தண்ணீரைக் கொட்டும். பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், பழைய பருத்திப் போர்வை போதும்.

ஓடிய ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும். மாதக்கணக்கில் விட்டால் பேரிங்கை அரிக்கும். கடைசி ஓட்டம் முடிந்த சூட்டிலேயே அதை வடித்துப் புது ஆயில் ஊற்றுங்கள்.

2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் உண்டு. அது ஈரத்தை இழுக்கும். எத்தனால் குறைந்த சூப்பர் ரகத்தை டேங்கின் கழுத்துவரை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்து அந்தக் கடைசி ஓட்டத்தை ஓட்டினால் கலவை கார்புரேட்டர்வரை போய்ச் சேரும். பிறகு பெட்ரோல் வால்வை மூடி, கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். வடிக்காமல் விட்டால் பெட்ரோல் காய்ந்து பிசினாகிப் பைலட் ஜெட் என்ற நுண்துளையை அடைக்கும். பிற்கால அமல் கான்சென்ட்ரிக் கார்புரேட்டரில் அந்த ஜெட் உள்ளே அழுத்திப் பொருத்தியது, கழற்ற வராது. ஃபைபர்கிளாஸ் டேங்க் என்றால் நிரப்பவே கூடாது. எத்தனால் அதன் ரெசினைக் கரைக்கும், முழுக்கக் காலிசெய்து உலர்த்துங்கள்.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். சார்ஜ் இறங்கிய பேட்டரி மைனஸ் 10 டிகிரி அளவிலேயே உறைந்து விரிசல் விடும். முழு சார்ஜில் இருப்பது மைனஸ் 50-ஐயும் தாங்கும். 6 வோல்ட் பேட்டரியில் 12 வோல்ட் சார்ஜரை மாட்டிவிடாதீர்கள்.

வண்டியை மறுபடி எடுக்கும் நாளில்தான் பெரிய ஆபத்து. இந்த எஞ்சின்களில் ஆயில் தனி டேங்கில் இருக்கும். நிற்கும் மாதங்களில் அது பம்ப் வழியாகக் கசிந்து எஞ்சினின் அடிப்பகுதியான சம்ப்பில் இறங்கிவிடும். டேங்கில் அளவு குறைந்திருக்கிறதே என்று மேலே ஊற்றி ஸ்டார்ட் செய்தால் சீல்கள் பிதுங்கும், காற்றுப்போக்கியான பிரீதர் வழியே ஆயில் பீறிடும். சம்ப் பிளக்கைத் திறந்து வடித்த பிறகுதான் அளவு பாருங்கள். கசிவை நிறுத்த ஆயில் குழாயில் வால்வு மாட்டுபவர்கள், அது மூடியிருந்தால் இக்னிஷன் வராதபடி சுவிட்ச் இணைத்தே மாட்ட வேண்டும். மறந்து மூடியபடி ஓட்டினால் சில நிமிடங்களில் கிராங்க் பேரிங் போய்விடும்.