விடையை மட்டும் பார்த்தால் போதாது: நோட்டுத் திருத்துவதிலும் காணொளி தேர்வதிலும் நேரும் தவறுகள்

ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டில் 503-இலிருந்து 268-ஐக் கழித்து 365 என்று ஒரு குழந்தை எழுதியிருக்கிறது. சரியான விடை 235. சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, கீழே 'கவனமாகச் செய்', பிறகு அடுத்த நோட்டு என்பதுதான் பல பள்ளிகளில் வழக்கம். ஆனால் அந்தக் குழந்தை கவனமாகத்தான் செய்திருக்கிறது. 5-இல் 2 போனால் 3. அடுத்த இடத்தில் 0-உம் 6-உம் இருக்கின்றன. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 6. கடைசியில் 8-இலிருந்து 3 போக 5. மேலே எது, கீழே எது என்று பாராமல் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று தானாகவே ஒரு விதியை வகுத்துக்கொண்டு, அதைப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறது. அதற்குப் புரியாதது கடன் வாங்கிக் கழிப்பது. பக்கத்து நோட்டில் அதே கணக்குக்கு 245 என்று இருந்தால் அது வேறு கதை. அந்தக் குழந்தைக்குக் கடன் வாங்கத் தெரியும்; பத்துகள் இடத்தில் மட்டும் சறுக்கியிருக்கிறது. இருவருக்கும் ஒரே பெருக்கல் குறி போட்டால், யாருக்கு எதை மறுபடி சொல்லித்தர வேண்டும் என்பதை நாம் தெரிந்துகொள்ளவே முடியாது.

நாற்பது நோட்டுகளையும் இப்படிப் படிக்க நேரம் எங்கே என்று கேட்பது நியாயமான கேள்விதான். எல்லாக் கணக்கையும் படிக்க வேண்டாம். ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு, தவறின் வகையைப் பார்த்து நோட்டுகளை மூன்று நான்கு அடுக்குகளாகப் பிரித்தால் மறுநாள் பாடம் எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். எல்லாப் பக்கத்திலும் போடும் டிக், மேற்பார்வைக்கு வருகிறவருக்குப் பயன்படலாம், குழந்தைக்குப் பயன்படாது.

மதிப்பெண்ணையும் குறிப்பையும் சேர்த்துக் கொடுப்பது இன்னொரு தவறு. இஸ்ரேலில் பள்ளி மாணவர்களிடம் உளவியலாளர் ரூத் பட்லர் நடத்திய ஆய்வு 1988-இல் வெளியானது. குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண் மட்டும் பெற்றவர்களிடமும், மதிப்பெண்ணோடு குறிப்பும் பெற்றவர்களிடமும் அந்த முன்னேற்றம் இல்லை. எண்ணைப் பார்த்ததும் கண் அடுத்தவன் தாளுக்குப் போய்விடுகிறது. குறிப்பை யார் படிப்பார்கள்? தேர்வுத்தாளில் மதிப்பெண்ணைத் தவிர்க்க முடியாது. வீட்டுப்பாடத்தில் தாராளமாகத் தவிர்க்கலாம்.

தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறையோடு வந்த மதிப்பீட்டு முறையில், செயல்திட்டம் போன்றவற்றைக் கொண்டு பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் தேர்வு வைத்துச் செய்யும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண்கள் பிரிக்கப்பட்டன. நல்ல நோக்கம். ஆனால் செயல்திட்டம் என்றாலே கடையில் வாங்கிய படங்களை ஒட்டிய சார்ட் என்று ஆகிவிட்டால், நாம் மதிப்பிடுவது வீட்டின் வசதியையும் அம்மாவின் கையெழுத்தையும்தான். சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குழந்தையிடமே இரண்டு கேள்விகள் கேளுங்கள். மதிப்பெண்ணை அந்தப் பதிலுக்குக் கொடுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் பாடங்களிலும் இதே கவனம் வேண்டும். பார்வை எண்ணிக்கையையும் படத்தின் பளபளப்பையும் பார்த்துத் தேர்வதுதான் அங்கே பெரிய தவறு. பருவ மாற்றம் பற்றிய காணொளிகளைப் பாருங்கள். பூமியின் பாதையை முட்டைபோல நீட்டி வரைந்திருப்பார்கள். விளக்கம் சரியாகவே இருந்தாலும், சூரியனுக்கு அருகில் போனால் கோடை, விலகினால் குளிர் என்றுதான் குழந்தை மனத்தில் பதியும். உண்மையில் அந்தப் பாதை ஏறக்குறைய வட்டம். சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில், நாம் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில், அதாவது மார்கழிக் குளிரில்! ஜூலையில் அந்தத் தூரம் 15.2 கோடியாகிறது. பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சுச் சாய்வு. ஆகவே முழுக் காணொளியையும் முன்கூட்டியே பார்க்காமல் வகுப்பில் ஓட்டக் கூடாது.

தளத்தின் நம்பகத்தன்மையை அந்தத் தளத்துக்குள்ளேயே தேடுவதும் தவறு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் வரலாற்றாய்வாளர்கள், மாணவர்கள், செய்திச் சரிபார்ப்பாளர்கள் ஆகியோர் இணையத்தை எப்படிப் படிக்கிறார்கள் என்று ஒப்பிட்டார்கள். முதல் இரு தரப்பிலும் பலர் தளத்தின் தோற்றத்தில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சட்டென வெளியே வந்து, அந்தத் தளத்தைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். பிள்ளைகளுக்கும் இதைப் பழக்கலாம்.

காணொளி முடிந்ததும் 'புரிந்ததா?' என்று கேட்டால் 'புரிந்தது சார்' என்று வகுப்பே கோரஸ் பாடும். அதை நம்ப வேண்டாம். விடை வரும் இடத்துக்குச் சற்று முன்பே காணொளியை நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். இணைய வினாடி வினாவிலும் பத்துக் கேள்விகளில் ஒன்றுக்காவது, ஏன் அந்த விடை என்று ஒரு வரி கேளுங்கள். 'ஜனவரியில் பூமி தூரத்தில் இருப்பதால் குளிர்கிறது' என்று நான்கு பேர் எழுதினால், பத்துக்குப் பத்து வாங்கிய வகுப்பிலும் அடுத்த நாள் எந்தப் பாடத்தை மறுபடி நடத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும்.