ரெக்கார்டர் கைடில் படத்துக்கு ரேட்டிங் இல்லையா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ரெக்கார்ட் பண்ணலாம் என்று செட்டாப் பாக்ஸ் கைடை, அதாவது நிகழ்ச்சிப் பட்டியலைத் திறந்தால் நேரம் இருக்கும், யார் பார்க்கலாம் என்று சொல்லும் யு, யுஏ எதுவும் இருக்காது. சில சேனல்களில் படத்தின் பெயர்கூட வராது. 'தமிழ் திரைப்படம்' என்று மட்டும் நிற்கும். சேலத்தில் அம்மாபேட்டை, குகை பக்கம் பெரியவர்கள் தறியில் இருக்கும்போது, பதிவான படத்தைப் பிள்ளைகள் தாங்களாகவே போட்டுப் பார்க்கிற வீடுகள் உண்டு. அங்கே இது சின்ன விஷயம் இல்லை.

பெரிய தவறு, ரேட்டிங் காலியாக இருந்தால் எல்லோரும் பார்க்கலாம் என்று எடுத்துக்கொள்வது. பெட்டிக்குப் படத்தைப் பற்றி எதுவும் தெரியாது. நிகழ்ச்சிப் பட்டியலோடு சேர்ந்து வருகிற ஓர் எண்ணைத்தான் அது படிக்கிறது. டிவிபி என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறையில் அந்த எண்ணோடு 3 கூட்டினால் வயது: 13 வயது என்று சொல்ல 10 வர வேண்டும். பூஜ்யம் வந்தால் 'வயது குறிப்பிடவில்லை' என்று பொருள், 'குழந்தைகள் பார்க்கலாம்' என்று அல்ல. அனுப்புகிறவர்கள் அந்த இடத்தை நிரப்பாமல் விட்டால் வயது வைத்துப் போட்ட பேரன்ட்டல் லாக்கும் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. அதனால் வயதுப் பூட்டை மட்டும் நம்ப வேண்டாம். படம் போடுகிற சேனலையே பின் நம்பர் போட்டுப் பூட்டுங்கள். பதிவுகளுக்குத் தனிப் பூட்டு இருந்தால் அதையும் போடுங்கள்.

'டிவியில் ஏ படம் போட மாட்டார்களே' என்பார்கள். சரிதான், ஆனால் ஏ வாங்கிய படத்தை வெட்டி யுஏ வாங்கிப் போடலாம். யுஏ என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. 2024 திரைப்படச் சான்றிதழ் விதிகளில் அது 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. பழைய படங்களுக்கு இந்தப் பிரிவு கிடையாது. 1983க்கு முன்னால் யுஏ என்பதே இல்லை. யு அல்லது ஏ, அவ்வளவுதான். அந்தக் கால யு-வை இன்றைய யு-வோடு வைத்துப் பார்க்காதீர்கள்.

கைடில் இல்லையே என்று போனில் பெயரைத் தேடி, முதலில் வருவதை நம்புவது அடுத்த தவறு. உத்தம புத்திரன் என்று தேடினால் நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1940ல் எடுத்தது, 1958ல் சிவாஜி நடித்தது, 2010ல் தனுஷ் நடித்தது என மூன்று படம் நிற்கும். ஆண்டையும் நடிகரையும் சரிபார்த்த பிறகுதான் சான்றிதழைப் பார்க்க வேண்டும். தணிக்கை வாரியத்தின் இணையதளத்திலேயே தேடலாம். நட்சத்திர மதிப்பெண் வேறு சமாச்சாரம். அது ரசனைக்கு, வயதுக்கு அல்ல.

ஏற்காட்டு வீடுகளில் இடிக்குப் பயந்து இரவில் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். இடி நேரத்தில் அது சரியான காரியம், ஆனால் தினமும் வேண்டாம். பல பெட்டிகள் ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் வரும் நாட்களின் பட்டியலை இறக்கிக்கொள்ளும். கைடு பாதியில் நின்றால் பனிமூட்டத்தைக் குறை சொல்கிறார்கள். டிஷ்ஷுக்குச் செயற்கைக்கோளிலிருந்து வருகிற கேயு பேண்ட் (ஓர் அலைவரிசை) சிக்னலைக் குலைப்பது கனமழைதான். மழை விட்டதும் தானே நிரம்பும்.

பொறுமை இழந்து ஃபேக்டரி ரீசெட் மட்டும் போட்டுவிடாதீர்கள். சேனலே அனுப்பாத ரேட்டிங் அதனால் வராது. சேர்த்து வைத்த பதிவுகள்தான் அழியக்கூடும். ஏற்கெனவே பதிவான படத்தில் பொதுவாகப் பதிவான நேரத்துத் தகவல்தான் இருக்கும். சேனல் பிறகு திருத்தினாலும் அதில் மாறாது. சந்தேகமான பதிவாக இருந்தால் பிள்ளைகள் கையில் ரிமோட் போவதற்கு முன்னால் நீங்கள் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.