துருவேறிய சஸ்பென்ஷன் போல்ட்டைக் கழற்றிய விதம்

இருபது ஆண்டுகள் ஓடிய என் காரின் முன்பக்கக் கன்ட்ரோல் ஆர்மை (சக்கரப் பகுதியை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் உலோகக் கையை) மாற்ற முனைந்தபோது, அதைச் சப்ஃப்ரேமுடன் (வண்டியின் அடியிலுள்ள துணைச் சட்டத்துடன்) பிணைக்கும் போல்ட் வெளிவர மறுத்தது. நட்டு எளிதில் கழன்றுவிட்டது. போல்ட்டோ புஷ்ஷின் (அந்த இணைப்பில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உறையின்) உள்ளிருக்கும் இரும்புக் குழலோடு ஒட்டிக்கொண்டு, திருப்பும்போதெல்லாம் ரப்பரையும் சேர்த்து முறுக்கி, கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பியது. இரும்பு துருவாகும்போது பருமன் பெருகுவதால், அந்த நூலிழை இடைவெளி முழுவதும் இறுகிப்போயிருந்தது.

வெளியே தெரிந்த மரைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து ஓர் இரவு விட்டுவைத்தேன். மறுநாள் மீண்டும் தெளித்து, பன்னிரு முனைச் சாக்கெட் போல்ட் தலையின் மூலைகளை மழுக்கிவிடக்கூடும் என்பதால் ஆறு முனைச் சாக்கெட்டை நீண்ட கைப்பிடியில் பொருத்தி, இறுக்கும் திசையிலும் கழற்றும் திசையிலும் சிறிது சிறிதாக மாற்றி மாற்றித் திருப்பினேன். ஏறத்தாழ அரை மணி நேரத்துக்குப் பின், செம்பழுப்புப் பொடி கலந்த எண்ணெய் விளிம்பில் கசிந்தது. அதைக் கண்டபோதுதான் நம்பிக்கை பிறந்தது. மரை சிதையாதிருக்க நட்டை நுனியில் திருகிவைத்து, அதன்மேல் சுத்தியலால் தட்டி போல்ட்டை நகர்த்தினேன். ரப்பரும் எண்ணெயும் தீப்பற்றக்கூடியவை என்பதால் தீச்சுடரைத் தவிர்த்தேன்.

பழைய போல்ட்டின் தலையில் 10.9 என்ற வலிமைத் தர எண் பொறித்திருந்ததால், வலிமை குறைந்த 8.8 வகையை ஏற்காமல் அதே தரத்தில் புதியதை வாங்கினேன். சக்கரங்கள் தரையில் ஊன்றி வண்டியின் எடை இறங்கிய பிறகே, கையேட்டில் உள்ள அளவுக்கு திருப்பு விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். தூக்கிய நிலையிலேயே இறுக்கினால் புஷ் முறுக்கிய நிலையிலேயே தங்கி விரைவில் கிழியும்.