போல்ட் இட்டாலிக் ஸ்லாப் செரிஃப்: பட்டனை அமுக்கினால் அது வராது

ஸ்லாப் செரிஃப் என்பது 1810-களில் லண்டனில் வின்சென்ட் ஃபிகின்ஸ் அச்சுக்குக் கொண்டுவந்த எழுத்து வகை. எழுத்தின் மேலும் கீழும் கட்டை கட்டையாக, சதுர முனையோடு நிற்கும் செரிஃப்கள், அதாவது முனைக்கோடுகள். எழுத்தின் நிற்கும் கோடான தண்டுக்கும் அவற்றுக்கும் தடிமனில் அதிக வித்தியாசம் இருக்காது. அதைத் தடிமனாக்கி (போல்ட்), சாய்த்தால் (இட்டாலிக்) கனமும் வேகமும் சேர்ந்து வரும். விளையாட்டு அணியின் பெயர், தள்ளுபடி விளம்பரம், பத்திரிகையில் எடுத்துக்காட்டும் ஒற்றை மேற்கோள் எல்லாவற்றுக்கும் அருமையாகப் பொருந்தும். புதிதாக டிசைனுக்கு வருகிறவர்கள் இதை ஆசையாக எடுத்து, எங்கள் தலைமுறை சறுக்கிய அதே இடங்களில் சறுக்குவதைப் பார்க்கிறேன். எழுத்துப்பிழை, நிறப்பொருத்தம் போன்றவற்றை யாரும் சொல்லித் தருவார்கள். மற்றவை இதோ.

இல்லாத ஃபான்டை வரவழைப்பது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். போல்ட் இட்டாலிக் என்பது தனியாக வரைந்த ஃபான்ட். அது இல்லாத எழுத்துக் குடும்பத்தில், வேர்டில் போல்டுக்கான B, இட்டாலிக்குக்கான I பட்டன்களை அமுக்கினால், மென்பொருள் சாதா எழுத்தையே ஊதிப் பெருக்கிச் சாய்த்துவிடும்.

ஸ்லாபில் இது உடனே காட்டிக்கொடுக்கும். சாய்க்கும்போது படுக்கைக் கட்டைகளின் தடிமன் அப்படியே இருக்கும்; தண்டு மட்டும் மெலியும். ஆங்கில O எழுத்தின் வலது மேல் மூலையும் இடது கீழ் மூலையும் வீங்கும், எதிர்மூலைகள் ஒடுங்கும். செயற்கை போல்டோ எல்லாப் பக்கமும் ஒரே அளவு மை பூசுவதால் ஆங்கில e, a எழுத்துகளின் உள்வெளி அடைபடும். கையால் வரைபவர் கனத்தைக் கூட்டும்போது எழுத்தை அகலமாக்குவார், கோடுகள் சேரும் இடத்தை மெலிதாக்குவார். அந்த உழைப்பெல்லாம் இதில் கிடையாது.

ஒரு கடைக்குப் பெயர்ப்பலகை செய்த இளைஞர் ரோபோட்டோ ஸ்லாபைச் சாய்த்து அனுப்பியிருந்தார். அந்தக் குடும்பத்தில் இட்டாலிக்கே கிடையாது. திரையில் சின்னதாகப் பார்த்தபோது யாருக்கும் உறுத்தவில்லை. பலகை மேலே ஏறியதும் கடைக்காரர், "எழுத்து ஏன் தம்பி கோணலா இருக்கு?" என்று கேட்டார். வெட்டி ஒட்டிய எழுத்துகள் அத்தனையும் வீண். திரும்பச் செய்த செலவு அந்த இளைஞர் தலையில்.

அதனால் முதலில் ஸ்டைல் பட்டியலில் போல்ட் இட்டாலிக் என்று தனியாக இருக்கிறதா பாருங்கள். ஆர்வோ, ஜில்லா ஸ்லாப், ராக்வெல் மூன்றிலும் உண்டு. அச்சுக்கு அனுப்பும் முன் பிடிஎஃப் கோப்பின் ஃபான்ட் பட்டியலிலும் அதே பெயர் வந்திருக்க வேண்டும். இணையப் பக்கமென்றால், அதன் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் ஃபான்ட்-சிந்தசிஸ் பண்புக்கு நன் (font-synthesis: none) என்று கொடுங்கள். பிரவுசர் போலி செய்யாது, குறை அப்போதே தெரிந்துவிடும்.

முழுப் பத்தியையும் இதில் அடிப்பது

வேண்டாம். நாலு வரி தாண்டினாலே கண் வலிக்கும்.

எழுத்துகளை நெருக்குவது

கட்டைகள் ஒன்றோடொன்று முட்டினால் சொல்லே கறுப்புப் பட்டையாகிவிடும். சின்ன அளவில் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

பக்கத்தில் உள்ள தமிழையும் சாய்ப்பது

ஆங்கிலத் தலைப்பு சாய்ந்திருக்கிறதே என்று தமிழ் வரியையும் சாய்க்கிறார்கள். பெரும்பாலான தமிழ் ஃபான்டுகளில் இட்டாலிக் வரையப்படவே இல்லை. அங்கேயும் நடப்பது அதே போலிச் சாய்வுதான்; ழ, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகள் உருக்குலையும். தமிழை நேராகவே விட்டு, கனத்தை மட்டும் ஆங்கிலத்தோடு ஒத்துப்போகும்படி தேர்ந்தெடுங்கள்.